கேரி தீவின் கரையிலிருந்து பேரரசுகளைப் பார்த்தல்

கேரி தீவின் கடலோரம் நெடுக மண்ணணை ஒன்று ஓடுகிறது. அணைக்கு உள்ளே செம்பனைத் தோட்டம். வெளியே சதுப்பும் கண்டல் மரங்களும், அவற்றுக்கு அப்பால் மலாக்கா நீரிணை. கடல் ஏறும் நேரத்தில் அணைமேல் நின்றால் ஒன்று விளங்கும்: வெளியே நிற்கும் நீர், உள்ளே கிடக்கும் தோட்டத்து மண்ணைவிட உயரம். அணையும் மதகும் இல்லையென்றால் இந்தத் தோட்டமே இல்லை. மண் சுமந்தும் கால்வாய் வெட்டியும் கடலிடமிருந்து பறித்துக்கொண்ட நிலம் இது.

வடக்கே இண்டா தீவில் கிள்ளானின் மேற்குத் துறைமுகம். அதற்குப் போகும் சரக்குப் பெட்டிக் கப்பல்கள் இந்த நீரிணை வழியாகத்தான் வருகின்றன. மறுபக்கம், லங்காட் ஆற்றுக்கு அக்கரையில், ஜுக்ரா குன்று. 150 ஆண்டுகளுக்கு முன் அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு வணிகப் படகு தாக்கப்பட்டது. அதைக் காரணம் காட்டி வந்த போர்க்கப்பல்களின் தொடர்ச்சியாகத்தான் இந்தத் தீவுக்கு ஓர் ஆங்கிலேயரின் பெயரும், தமிழ் பேசும் குடும்பங்களும் வந்து சேர்ந்தன.

பேரரசுகள் அமைதியைக் கொண்டுவந்தன, அமைதி வணிகத்தை வளர்த்தது என்பது பள்ளிக்கூடத்திலிருந்து நாம் கேட்டு வரும் பாடம். ரோமானிய அமைதி, மங்கோலிய அமைதி, பிரிட்டிஷ் அமைதி என்று அதற்குப் பெயர்களும் உண்டு. தமிழர்கள் தங்கள் பங்குக்குச் சோழர் காலத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். இதை மறுப்போர், பேரரசு என்றாலே கொள்ளைதான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டு பேச்சிலும் எனக்கு நிறைவில்லை. கடல்வழி பாதுகாப்பாக இருந்ததா என்பது ஒரு கேள்வி. அந்தப் பாதுகாப்பை உண்டாக்கியது யார் என்பது வேறொரு கேள்வி. அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் வாதம் ஓயாமல் நடக்கிறது.

முதலில் ஒரு பழைய செய்தி. 1964இல், கேரி தீவிலிருந்து அதிகத் தொலைவில்லாத பந்திங் வட்டாரத்துச் சுங்கை லாங் கிராமத்தில், மண்ணுக்கடியில் இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. ஒரு படகின் பலகைமேல் அவை வைக்கப்பட்டிருந்தன. வடக்கு வியட்நாமின் தோங் சோன் பண்பாட்டைச் சேர்ந்த முரசுகள். ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை. கிள்ளானிலும் அப்படியொரு முரசு கிடைத்திருக்கிறது. தென்சீனக் கடலைக் கடந்து, தீபகற்பத்தைச் சுற்றியோ குறுக்கே நடந்தோ, இந்தச் சேற்று முகத்துவாரத்துக்கு வெண்கலம் வந்திருக்கிறது. இங்கிருந்து ஈயமும் காட்டுப் பொருள்களும் போயிருக்க வேண்டும். அப்போது இந்த வழி முழுவதையும் ஆண்ட பேரரசன் எவனும் இல்லை. வணிகம் பேரரசுக்கு முன்பே பிறந்தது. பேரரசு வந்தபோது அது ஏற்கெனவே நடக்கத் தெரிந்த பிள்ளை.

ரோமின் கதையிலும் இதையே காண்கிறேன். எகிப்து ரோமின் கைக்கு வந்தபின் செங்கடல் வழியாக இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் பெருகின என்பதில் ஐயமில்லை. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி நொந்து எழுதினார். முசிறியிலிருந்து ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பல் ஏற்றிவந்த சரக்கைப் பற்றிய 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று கிடைத்திருக்கிறது. மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டெர்ஸ். ரோம அரசு எல்லையில் வாங்கிய வரி நான்கில் ஒரு பங்கு. பேரரசு வணிகத்தைக் காத்தது, காத்ததற்குக் கூலியும் வாங்கிக்கொண்டது. ஆனால் அந்த வழியின் இக்கரையில் இருந்தவர்கள் சேரரும் பாண்டியரும் சோழரும், இவர்களுக்கு நடுவே வேளிரும். தங்களுக்குள் ஓயாமல் போரிட்டவர்கள். அந்தச் சண்டைகளுக்கு நடுவிலும் மிளகு கப்பலேறியது. கொங்கு நாட்டிலும் புதுக்கோட்டையிலும் ரோமக் காசுகள் குவியலாகப் புதைந்து கிடந்தன. வழியின் ஒரு முனையில் பேரரசு, மறு முனையில் குறுநிலங்கள். வணிகம் இரண்டோடும் ஒத்துப்போகக் கற்றிருந்தது.

சோழர் கதையில் சற்று நின்று பேச வேண்டும். நம்மவர்கள் அதிகம் பெருமைப்படுவதும், அதிகம் ஆராயாமல் விடுவதும் அந்த இடத்தில்தான்.

ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். சோழ மன்னன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். நெதர்லாந்தின் லெய்டன் நகரின் பெயரால் அறியப்படும் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. இரண்டு அரசுகள், இரண்டு சமயங்கள், நடுவே ஒரு கடல். வணிகர் தங்கித் தொழ ஓர் இடம். அழகான தொடக்கம். இருபதே ஆண்டுகளில், 1025ஐ ஒட்டி, ராஜேந்திரனின் கப்பல்கள் கடாரத்தின்மேல் பாய்ந்தன. ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாநக்கவாரம் என்று தாக்கிய துறைகளை மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகிறது. பறித்துவந்த தோரணவாயிலையும் மணிக்கதவையும் பெருமையோடு எண்ணிக் காட்டுகிறது.

ஏன் போனார்கள்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி காலத்திலிருந்து அறிஞர்கள் இதைப் பேசி வருகிறார்கள். சீனச் சோங் அரசு கடல் வணிகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. சோழரின் தூதர்கள் 1015இல் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1033இல் இன்னொரு தூது. அந்த வழியின் நடுவே நின்று, கப்பல்களைத் தன் துறைகளுக்கு வரவைத்து ஆயம் வாங்கியது ஸ்ரீவிஜயம். அதுவும் ஒரு கடற்பேரரசுதான். அதுவும் ஓர் அமைதியைத்தான் விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே கடாரப் படையெடுப்பை, வணிகத்துக்கு அமைதி கொண்டுவந்த நடவடிக்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு சுங்கச்சாவடிக்காரனை இன்னொருவன் அடித்ததாகத்தான் அது எனக்குத் தெரிகிறது. சோழர் இங்கே தங்கி ஆளவும் இல்லை. 1090இல் கடாரத்தரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து நாகப்பட்டினத்து விகாரங்களின் ஊர்களுக்கு வரிவிலக்குக் கேட்டுப் பெற்றுப் போனார்கள். 1077இல் சீனா போன சோழத் தூதில் 72 பேர். திரும்பும்போது பரிசாகக் கிடைத்தவை 81,800 கோவைச் செப்புக்காசுகள். தூது என்று பெயர், நடந்தது வணிகம். குலோத்துங்கனை மக்கள் சுங்கம் தவிர்த்த சோழன் என்று நினைவில் வைத்துக்கொண்டார்கள். கடாரம் வென்றவனைவிடச் சுங்கம் தவிர்த்தவனே கடைத்தெருவுக்கு வேண்டியவனாக இருந்திருப்பான்.

கடல்மேல் வணிகனின் உயிரையும் சரக்கையும் அன்றாடம் காத்தது யார்? கல்வெட்டுகளைப் பார்த்தால் அரசனுக்கு முன்பாக வணிகக் குழுக்கள் நிற்கின்றன. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர். இன்றைய தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டில் வெட்டிய குளம் மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டது. சோழப் படையெடுப்புக்கு முந்தைய கல்வெட்டு அது. சுமத்ராவின் பாருஸில் 1088இல் ஐந்நூற்றுவர் நட்ட கல், கப்பல் தலைவர்கள் கட்ட வேண்டிய பொன்னைக் கஸ்தூரியின் விலையோடு சேர்த்து நிர்ணயிக்கிறது. விதி செய்கிறார்கள், கட்டணம் வாங்குகிறார்கள். தமிழகத்திலும் ஈழத்திலும் அவர்கள் எறிவீரபட்டினங்களை அமைத்து, ஆயுதம் தாங்கிய வீரர்களைத் தங்கள் செலவில் வைத்திருந்தார்கள். பேரரசின் குடை எட்டாத தொலைவிலும் தனக்கென்று ஒரு சிறு குடையைச் செய்துகொண்டு போனவன் தமிழ் வணிகன்.

இதோடு இரண்டு கற்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று யாழ்ப்பாணத்து நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்தது. ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டாருக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிய கப்பல் உடைந்து ஒதுங்கினால் நான்கில் ஒரு பங்கே அரசுக்கு, மற்றது உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் சரிபாதி. இன்னொன்று ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில், காகதீய கணபதிதேவன் 1244ஐ ஒட்டி வெளியிட்ட அபய சாசனம். முன்னிருந்த அரசர்கள் புயலில் ஒதுங்கிய கப்பல்களின் சரக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனி முப்பதில் ஒரு பங்குச் சுங்கம் தவிர எதுவும் தொடப்படாது என்று அது உறுதி கூறுகிறது. இவர்கள் பேரரசர்கள் அல்லர். நடுத்தர அளவு நாடுகளின் அரசர்கள். வணிகனுக்குத் தேவைப்பட்டது ஒரு வாக்குறுதி. எவ்வளவு எடுப்பேன், எதைத் தொடமாட்டேன் என்று முன்கூட்டியே கல்லில் எழுதிவைக்கும் ஒருவன் இருந்தால் போதும். அவன் நாடு எவ்வளவு பெரிது என்று கப்பல்காரன் கேட்கவில்லை. அமைதி என்ற பெரிய சொல்லுக்குள் இருக்கும் கொட்டை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பெரிய குடையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. சீனத்தின் சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் அங்கே சிவனுக்குக் கோயில் எடுத்ததைச் சொல்கிறது. மங்கோலியக் கானின் நலத்துக்காக என்றும், கானின் பர்மானின்படி என்றும் குறிப்பிடுகிறது. குப்ளாய்கான் தென்சீனத்தைப் பிடித்து முடித்து இரண்டே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அதற்குள் ஒரு தமிழ் வணிகன் மங்கோலிய ஆணைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தஞ்சைப் பாணியில் தூண் செதுக்க முடிந்திருக்கிறது. பாரசீக வளைகுடாவிலிருந்து மஞ்சள் கடல்வரை ஒரே குலத்தின் சொல் செல்லுபடியான காலம் உண்மையாகவே இருந்தது. அந்தக் குலம் அங்கே வருவதற்குள் எத்தனை நகரங்கள் எரிந்தன என்பதைக் கோயில் கல் சொல்லாது. அது சொல்ல வேண்டிய இடமும் அல்ல.

இந்தக் கேள்வி முழுவதையும் தன்மேல் சுமந்து நிற்கும் ஒரே கல் எதுவென்று என்னைக் கேட்டால் காலிக் கல்வெட்டைச் சொல்வேன். மிங் பேரரசின் கடற்தளபதி செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. 1911இல் காலி நகரில் கிடைத்து, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் இறைவனுக்கும், ஏறக்குறைய ஒரே அளவிலான காணிக்கைப் பட்டியல். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். யார் மனமும் கோணாமல் எல்லாத் தெய்வத்துக்கும் சமமாகக் கொடுக்கும் பெருந்தன்மை. இந்து மாக்கடலில் தமிழ் ஒரு வணிகப் பொதுமொழியாக மதிக்கப்பட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே செங் ஹ, அதே பயணத்தில், 1411இல் இலங்கை ஆட்சியாளன் அழகக்கோனாரைப் போரில் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனான். மூன்று மொழியில் வணக்கமும், பின்னால் நிற்கும் படைக்கப்பலும் பிரியாமல் வந்தன. கிள்ளானையும் செங் ஹ பயணங்களின் சீனக் கடல்வழிப் படங்கள் குறித்து வைத்திருக்கின்றன. அதற்கு முன்பே, 1365இல், ஜாவாவின் நாகரகெர்தாகமம் மஜாபாகித்துக்கு அடங்கிய நாடுகளின் வரிசையில் கிள்ளானை எழுதிவிட்டது. எந்தப் பேரரசு எழுந்தாலும் தன் கணக்குப் புத்தகத்தில் முதலில் எழுதிக்கொண்ட துறைகளில் நம் ஊரும் ஒன்று.

மலாக்காவின் கதை எல்லோரும் அறிந்தது. சிறிய அரசு, மிங் ஆதரவு அதற்கு உதவியது. ஆனால் உலகத்து வணிகரை அங்கே இழுத்தது நான்கு ஷாபண்டார் (துறைமுக அதிகாரி) முறை. குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரையார் முதலானோருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவினருக்கு ஒருவர், சீனருக்கும் அவரை ஒட்டியோருக்கும் ஒருவர். வந்தவன் மொழியில் வழக்குக் கேட்க ஆள் இருந்தது, எடைக்கும் சுங்கத்துக்கும் விதி இருந்தது. 1511இல் போர்ச்சுகீசியர் அதைப் பிடித்தார்கள். உலகைச் சுற்றி வளைத்த பேரரசு. தங்கள் சீட்டு வாங்காத கப்பலைக் கொள்ளையன் என்று அறிவித்தார்கள். வணிகர் பலர் ஆச்சேவுக்கும் ஜொகூருக்கும் பந்தாமுக்கும் கலைந்து போனார்கள். பேரரசு கடல்வணிகத்தை வளர்க்கும் என்பதற்கு எத்தனை எடுத்துக்காட்டு உண்டோ, சிதறடிக்கும் என்பதற்கும் அத்தனை உண்டு.

இனி ஜுக்ராவுக்குத் திரும்புவோம்.

1867இல் சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் மூண்டது. கிள்ளான் ஆற்றில் இறங்கிவரும் ஈயத்தின்மேல் யார் வரி வாங்குவது என்பதே அடிப்படைத் தகராறு. ராஜா மஹாடி ஒரு பக்கம், தெங்கு குடின் மறுபக்கம், கோலாலம்பூரில் யாப் ஆ லோய். ஈயத்தில் முதல் போட்டிருந்த பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் வணிகர்கள் பிரிட்டிஷ் அரசு தலையிட வேண்டும் என்று மனு எழுதியபடி இருந்தார்கள். 1873 நவம்பரில் மலாக்காவைச் சேர்ந்த படகொன்று ஜுக்ரா முகத்துவாரத்தில் தாக்கப்பட்டு அதிலிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். 1874 ஜனவரியில் பேராக்கில் பங்கோர் ஒப்பந்தம். பிப்ரவரியில் ஆளுநர் ஆண்ட்ரு கிளார்க்கும் கடற்படைத் தளபதி ஷாட்வெல்லும் போர்க்கப்பல்களோடு லங்காட் வந்தார்கள். ஜுக்ராவில் விசாரணை நடந்தது, குற்றவாளிகள் என்று தீர்க்கப்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் பிராங்க் சுவெட்டன்ஹம் என்ற 24 வயது இளைஞர் சுல்தான் அப்துல் சமாட்டின் அருகிலேயே வந்து குடியமர்ந்தார். அவர் பெயரில் ஒரு துறைமுகம் வர இன்னும் 27 ஆண்டுகள் இருந்தன.

பிரிட்டிஷ் அமைதி இந்த மண்ணில் காலடி வைத்தது இப்படி. அதில் உண்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆற்றுமுகத்தில் படகு கவிழ்ந்தால் கேட்க ஆள் வந்தது. உள்நாட்டுப் போர் அடங்கியது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி ரயில் ஓடியது. 1901 செப்டம்பரில் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகள் எழுந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்தவர்கள் கிராணிகளாகவும் நிலைய அதிபர்களாகவும் வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தண்டவாளம் போடக் கூலிகள் வந்தார்கள். கந்தசுவாமி கோயிலும் விவேகானந்தர் ஆசிரமமும் 20ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் அந்தப் பேட்டையில் வேரூன்றின. பேரரசின் தண்டவாளம் இல்லாமல் பிரிக்பீல்ட்ஸ் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தத் துறைமுகத்தின் முதல் ஆண்டைக் கொஞ்சம் பாருங்கள். சதுப்பை வெட்டித் துறை அமைத்ததும் மலேரியா பரவியது. கிள்ளானிலும் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் 1901இல் மட்டும் 582 சாவுகள், அவற்றில் 368 காய்ச்சலால். மருத்துவர் மால்கம் வாட்சன் காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, நீர் தேங்காமல் செய்தார். அடுத்த ஆண்டே சாவு 144 ஆகக் குறைந்தது. உலக மருத்துவ வரலாற்றில் நிற்க வேண்டிய சாதனை அது; வாட்சனின் பெயரை நன்றியோடுதான் சொல்ல வேண்டும். ஆயினும் துறைமுகம் அடைபட்டுவிடுமோ என்ற அச்சம் அந்த வேலைக்குக் கிடைத்த ஆதரவுக்குப் பெரிய காரணம். தோட்டங்களுக்குள் அதே வடிகால் போய்ச் சேர நெடுநாள் ஆனது.

தோட்டம் என்றதும் எட்வர்ட் வாலண்டைன் கேரி வருகிறார். அவரைப் போன்ற ஆங்கிலத் தோட்டக்காரர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர்க் கடலோரத்தில் காடுகளை வாங்கி, கரை கட்டி, ரப்பர் நட்டார்கள். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளின் வழிவந்த மரங்கள். பிரேசிலின் விதை, லண்டனின் முதல், மலாய்ச் சுல்தானின் நிலம், தமிழனின் கை, அமெரிக்கக் காரின் சக்கரம். 1920களில் உலக ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவின் பால். இத்தனை தூரத்தை ஒரே கணக்கில் முடிச்சுப் போட பிரிட்டிஷ் கடற்படை காத்த வழி தேவைப்பட்டது. பேரரசின் அமைதி இல்லாமல் ரப்பர் யுகம் இல்லை.

முந்தைய பேரரசுகளுக்கும் பிரிட்டிஷ் பேரரசுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவற்றின் காலத்திலும் அடிமைகள் கப்பலேறினார்கள். ஆனால் சோழர் காலத்து மரக்கலத்தில் தமிழன் பெரும்பாலும் சரக்கின் உடைமையாளனாகப் போனான். பிரிட்டிஷ் காலத்தில் அவனே சரக்கானான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் முகாமில் அடைத்து, கங்காணியின் பட்டியலில் பெயர் ஏற்றி, பினாங்கிலும் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் தனிமை முகாமில் இறக்கினார்கள். ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1907இல், தோட்ட முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக் கப்பல் கட்டணம் கொடுக்கும் நிதி ஏற்பட்டுவிட்டது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அந்த நிதியில் ஆள் வருவது தொடர்ந்தது. ஆய்வாளர் கெர்னியல் சிங் சந்து இந்த இடப்பெயர்ச்சியைக் கணக்கிட்டபோது, ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நூற்றாண்டில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவுக்கு வந்ததாகக் கண்டார். 1957 கணக்கெடுப்பில் சிங்கப்பூரையும் சேர்த்து இங்கிருந்தவர்கள் சுமார் 8 லட்சம். திரும்பிப் போனவர்கள் பெருந்தொகை. திரும்பியும் போகாமல், கணக்கெடுப்புக்கும் நிற்காமல், பால்மரத்தடியில் புதைந்தவர்கள் பல லட்சம். போரில்லாத காலத்தில், அமைதி என்று பெயரிட்ட காலத்தில், இது நடந்தது.

உலகச் சந்தையோடு பிணைந்த அமைதிக்கு இன்னொரு குணமும் உண்டு. நியூயார்க்கில் விலை இறங்கினால் கோல லங்காட்டில் அடுப்பு அணையும். 1930இல் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசுக்கு இறங்கியது. வேலையில்லை என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அரசு கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. வரவழைத்ததும் வணிகம், விரட்டியதும் வணிகம்.

1941இன் முற்பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் எனக்கு இந்த விவாதத்தின் உச்சம். ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் பேரரசின் அமைதி உள்ளேயிருந்து எப்படி இருந்தது என்று தெரியும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். கொடுமைக்காரக் கிராணிகளை நீக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நோய்க்கு மருத்துவம். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை வேண்டும். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். கூலிக்கோரிக்கைக்கு நடுவே அந்தச் சைக்கிள் கோரிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் நின்றுவிடும். கொள்ளையர் பயமில்லாத சாலைதான் அது. அதில் மிதித்துப் போக அவர்கள் போராட வேண்டியிருந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, படை வந்து சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். 67 ஆண்டுகளுக்கு முன் ஜுக்ராவுக்கு அமைதி கொண்டுவந்த அதே அரசு.

ஏழு மாதம் கழித்து ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது. மலாயா தன் அரிசியில் மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கிய நாடு. கடல்வழி அடைபட்டதும் பர்மா அரிசி நின்றது; பால்மரம் நிறைய நின்றது, சோறில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு வீங்கிய காலம் என்று அந்நாளைய முதியோர் சொல்வதைக் கேட்காத மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது. தோட்டத்து ஆண்கள் சயாமுக்கு மரண ரயில் போட அள்ளிச் செல்லப்பட்டார்கள். பல்லாயிரம் தமிழர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் அமைதியின் உண்மையான மதிப்பை அது உடைந்த இந்த மூன்றரை ஆண்டுகள் காட்டின என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. மறுபாதி: நெல் விளையக்கூடிய கடலோர மண்ணில் சோற்றுக்கு வழியின்றி ரப்பர் மட்டும் நிற்கும்படி நாட்டை அமைத்ததும் அதே அமைதிதான். ஒரே குடையை நம்பி நிற்கச் செய்துவிட்டு, மழை வந்தபோது குடையைச் சுருட்டிக்கொண்டு போனது.

இன்று இந்த நீரிணையை ஆளும் பேரரசன் இல்லை. 2000களின் தொடக்கத்தில் கொள்ளை மீண்டும் பெருகியது. 2005 ஜூனில் லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் குழு மலாக்கா நீரிணையைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004 ஜூலையில் தொடங்கியிருந்த கூட்டுக் கடற்காவலை இறுக்கின, வான்காவலும் சேர்ந்தது, பிற்பாடு தாய்லாந்தும் வந்தது. 2006 ஆகஸ்டில் அந்தப் பட்டியலிலிருந்து நீரிணை நீக்கப்பட்டது. பெரிய வல்லரசுகளின் நிழல் இந்துமாக்கடலில் இன்றும் இல்லாமலில்லை. ஆனால் உலகின் மிக நெரிசலான கடல்வழிகளில் ஒன்றைக் காக்க மூன்று அண்டை நாடுகள் பேசி முடிவெடுத்துப் படகு விட்டது போதுமாக இருந்தது. நயினாதீவுக் கல்லையும் மோட்டுப்பள்ளிக் கல்லையும் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

கேரி தீவில் இப்போது ரப்பர் இல்லை, செம்பனை. லயத்து வீடுகள் குறைந்துவிட்டன. குலை வெட்டும் வேலையில் வெளிநாட்டிலிருந்து வந்த புதிய கைகள். கிள்ளானின் மூன்றாவது துறைமுகத்தை இந்தத் தீவில் கட்டலாம் என்ற பேச்சு பல ஆண்டுகளாக எழுந்தும் அடங்கியும் வருகிறது. கட்டினால் கப்பல்கள் இன்னும் கிட்டே வரும், வேலை வரும், நிலத்தின் விலை ஏறும்.

ஆனால் நான் இதுவரை எழுதியதில் ஒரு சாராரைச் சொல்லவே இல்லை. கேரி என்ற பெயர் வருமுன், தமிழர் வருமுன், சோழர் கப்பலும் சீனர் கப்பலும் கடந்து போவதைக் கரையிலிருந்து கண்டிருக்கக்கூடிய பழங்குடிகள்: மா மெரி மக்கள். சுங்கை பும்புன் போன்ற கிராமங்களில் இன்றும் வாழ்கிறார்கள். முன்னோரின் உருவங்களை மரத்தில் செதுக்கும் அவர்களின் கைத்திறனுக்கு யுனெஸ்கோவின் பாராட்டும் கிடைத்திருக்கிறது. தீபகற்பத்துப் பழங்குடிகளுக்கு ஆறும் கடலும் நெடுங்காலம் அடிமை பிடிக்க வருவோரின் வழி; கப்பல் கண்டால் காட்டுக்குள் ஓடியவர்கள் அவர்கள். பின்னால் காடு தோட்டமானது. எந்தப் பேரரசும் எந்த ஒப்பந்தத்திலும் அவர்களிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. ஆண்டுக்கொரு முறை, கடல் வற்றும் நேரத்தில், பூஜா பந்தாய் என்று கடலின் முன்னோருக்குச் சடங்கு செய்ய அவர்கள் சேற்றுக் கரையில் இறங்குகிறார்கள். முகமூடி அணிந்து, ஓலைப் பின்னல் கட்டி, கடல் திரும்பி ஏறுவதற்குள் ஆடி முடிக்க வேண்டும். அவர்களுக்கு எதிரே, சற்றுத் தொலைவில், கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்.